கைபடாத காடு எங்கே இருக்கிறது? உங்கள் கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம்!

கூகுள் எர்த்தை முதன்முதலாகத் திறக்கும் எல்லாரும் செய்கிற முதல் வேலை ஒன்றுதான். சொந்த ஊரைத் தேடி, தெருவைத் தேடி, கடைசியில் தன் வீட்டு மொட்டை மாடியைக் கண்டுபிடிப்பது. தண்ணீர்த் தொட்டி தெரிகிறது, வாசல் வேப்பமரம் தெரிகிறது என்று வீட்டில் உள்ளவர்களைக் கூப்பிட்டுக் காட்டுவது. பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் அதை மூடிவிடுவோம்.

இந்த மாதம் அதே கம்ப்யூட்டரில் வேறொரு வேலை செய்து பார்ப்போம். உலகில் மனிதக் கை படாத பெருங்காடுகள் எங்கே இருக்கின்றன, இருபது ஆண்டுகளில் அவற்றில் எவ்வளவு போய்விட்டது என்பதை நாமே வரைபடமாகப் போட்டுப் பார்க்கப் போகிறோம். இதற்குத் தேவையான சாஃப்ட்வேர் இலவசம். டேட்டாவும் இலவசம். கம்ப்யூட்டர் வாங்கி ஒரு மாதமே ஆனவர்கூட ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் செய்து முடிக்கலாம்.

படம் வேறு, டேட்டா வேறு

பள்ளிப் பாடப் புத்தகத்தில் பச்சை வண்ணத்தில் காடுகளைக் காட்டும் வரைபடம் பார்த்திருப்பீர்கள். அதை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் வைத்தால் அது வெறும் படம். "இந்தப் பச்சையின் பரப்பளவு எத்தனை சதுர கிலோமீட்டர்?" என்று அந்தப் படத்தைக் கேட்க முடியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் வண்ணப் புள்ளிகள்தான்.

புவியியல் டேட்டா ஃபைல் அப்படியல்ல. அதில் காட்டின் எல்லை, வரிசையான இடக்குறிப்புகளாகப் பதிந்திருக்கும். இந்தத் தீர்க்கரேகை, இந்த அட்சரேகை; அடுத்த புள்ளி, அதற்கடுத்த புள்ளி என்று சுற்றி வந்து, தொடங்கிய இடத்திலேயே முடியும். இப்படி மூடிய வடிவத்துக்குப் பாலிகன் என்று பெயர். ஒவ்வொரு பாலிகனோடும் ஒரு டேபிளில் ஒரு வரிசை இணைந்திருக்கும். எக்செல் ஷீட்டில் ஒரு வரிசை இருப்பது போலத்தான். அதனால் இதைக் கேள்வி கேட்கலாம், அளக்கலாம், வேறொரு ஆண்டின் ஃபைலோடு ஒப்பிடலாம்.

இந்த டேட்டா எப்படி வந்தது?

இந்தக் கதை ரஷ்யாவின் வடக்கில் தொடங்குகிறது. 1990-களில் ஐரோப்பாவில் மரமும் காகிதமும் வாங்கும் சில நிறுவனங்கள், பழமையான காட்டில் வெட்டிய மரத்தை வாங்குவதில்லை என்று சொல்லத் தொடங்கின. நல்ல முடிவுதான். ஆனால் உடனே ஒரு கேள்வி எழுந்தது. எது பழமையான காடு? அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? விற்பவர் ஒரு இடத்தைச் சொல்வார், எதிர்ப்பவர் வேறொரு இடத்தைச் சொல்வார். இருவரும் ஒப்புக்கொள்ளும் கோடு எதுவும் இல்லை.

2001-ல் அலெக்சி யாரோஷென்கோ, பீட்டர் பொட்டாபோவ், ஸ்வெட்லானா துருபனோவா ஆகிய மூவரும் வட ஐரோப்பிய ரஷ்யாவில் எஞ்சியிருந்த கைபடாத காடுகளைச் செயற்கைக்கோள் படங்களிலிருந்து வரைந்து வெளியிட்டார்கள். பிறகு அதே முறை உலகம் முழுவதற்கும் விரிந்தது. கிரீன்பீஸ், மேரிலாந்து பல்கலைக்கழகம், வேர்ல்டு ரிசோர்சஸ் இன்ஸ்டிட்யூட் போன்றவை இந்தப் பணியில் சேர்ந்தன. உலக வரைபடம் பற்றிய ஆய்வுக் கட்டுரை 2008-ல் வெளியானது. இந்தக் காடுகளுக்கு இன்டாக்ட் ஃபாரஸ்ட் லேண்ட்ஸ்கேப், சுருக்கமாக ஐஎஃப்எல் என்று பெயர். இப்போது 2000, 2013, 2016, 2020 ஆகிய ஆண்டுகளுக்கான ஃபைல்கள் கிடைக்கின்றன.

இதற்கு அடிப்படை லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள். முதல் லேண்ட்சாட் 1972-ல் ஏவப்பட்டது. இந்த வேலையில் பயன்பட்ட படங்களில் ஒரு புள்ளி என்பது தரையில் 30 மீட்டருக்கு 30 மீட்டர். தனி மரம் தெரியாது. சாலை, வயல், மொத்தமாக வெட்டப்பட்ட காட்டுப் பகுதி இவையெல்லாம் நன்றாகத் தெரியும். 2008-ல் இந்தப் படங்களின் முழுச் சேமிப்பும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டது.

எதைக் "கைபடாத காடு" என்கிறார்கள்?

ஃபைலைத் திறக்கும் முன் இதைத் தெரிந்துகொள்வது அவசியம். ஐஎஃப்எல் கணக்கில் ஒரு காடு சேர வேண்டுமானால் சில நிபந்தனைகள் உண்டு.

1. பரப்பளவு குறைந்தது 500 சதுர கிலோமீட்டர் இருக்க வேண்டும்.

2. அகலம் குறைந்தது 10 கிலோமீட்டர் இருக்க வேண்டும். இரண்டு பகுதிகளை இணைக்கும் இடுக்கு என்றால் அது 2 கிலோமீட்டருக்குக் குறையக் கூடாது.

3. செயற்கைக்கோள் படத்தில் தெரியும்படியான சாலை, ரயில் பாதை, குழாய்ப் பாதை, மின்கம்பித் தடம், ஊர், வயல், சுரங்கம், தொழில்முறை மரவெட்டு எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. ஊரைச் சுற்றியும், சாலை போன்றவற்றின் இரு பக்கமும் 1 கிலோமீட்டரைக் கழித்துவிடுவார்கள்.

காடு என்றால் மரம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். நடுவே உள்ள சதுப்பு நிலம், ஏரி, இயற்கையான புல்வெளி ஆகியவையும் சேர்ந்ததுதான் இந்தக் கணக்கு. "கைபடாத" என்றால் மனிதரே இல்லாத இடம் என்றும் அர்த்தமில்லை. அங்கேயே வாழும் மக்கள் வேட்டையாடுவதும், சிறிய அளவில் காட்டைத் திருத்திப் பயிர் செய்வதும் கணக்கில் குறையாகக் கொள்ளப்படுவதில்லை.

இந்த அளவுகோலின்படி 2000-ஆம் ஆண்டில் உலகில் சுமார் 1 கோடியே 28 லட்சம் சதுர கிலோமீட்டர் இருந்தது. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ரஷ்யா, கனடா, பிரேசில் என்ற மூன்றே நாடுகளில் இருக்கிறது. 2013-க்குள் 7.2 சதவீதம் குறைந்தது. அதாவது 9 லட்சத்து 19 ஆயிரம் சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போல ஏழு மடங்கு! இந்தக் கணக்கு 2017-ல் வெளியானது. காரணங்களில் முதலிடம் மரவெட்டுக்கு, அடுத்தது விவசாய விரிவாக்கம், அதற்கடுத்தது சாலைகளையும் வெட்டிய பகுதிகளையும் ஒட்டிப் பரவிய தீ.

என்னென்ன தேவை?

முதலாவது, க்யூஜிஐஎஸ் என்ற சாஃப்ட்வேர். 2002-ல் கேரி ஷெர்மன் என்பவர் தொடங்கிய இது, இன்று உலகமெங்கும் உள்ள தன்னார்வலர்கள் சேர்ந்து வளர்க்கும் இலவச சாஃப்ட்வேர். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். இதன் தளத்தில் இரண்டு பதிப்புகள் இருக்கும். நீண்ட நாள் ஆதரவு உள்ள பதிப்பையே தேர்ந்தெடுங்கள். விண்டோஸுக்கான ஃபைல் ஒரு ஜிபிக்கும் மேல் இருக்கும் என்பதால் நல்ல இணைய இணைப்பில் டவுன்லோடு செய்யுங்கள்.

இரண்டாவது, கூகுள் எர்த் ப்ரோ. ஒரு காலத்தில் ஆண்டுச் சந்தா கட்ட வேண்டியிருந்த இது 2015 முதல் இலவசம்.

மூன்றாவது, டேட்டா. இன்டாக்ட் ஃபாரஸ்ட்ஸ் என்ற பெயரில் தேடினால் அந்தத் திட்டத்தின் தளம் கிடைக்கும். அதில் 2000, 2020 ஆகிய இரண்டு ஆண்டுகளின் ஃபைல்களை டவுன்லோடு செய்யுங்கள். ஜிப் ஃபைலாக வந்தால் அதன்மேல் ரைட் க்ளிக் செய்து எக்ஸ்ட்ராக்ட் ஆல் கொடுத்து, தனித்தனி ஃபோல்டரில் விரித்துவையுங்கள்.

ஷேப்ஃபைல் என்பது ஒரு ஃபைல் அல்ல!

புதியவர்கள் தவறாமல் விழும் பள்ளம் இது. ஷேப்ஃபைல் என்ற வடிவத்தை 1990-களில் எஸ்ரி நிறுவனம் உருவாக்கியது. பெயர் ஒருமையில் இருந்தாலும் இது ஒரு குடும்பம். ஃபோல்டரைத் திறந்தால் ஒரே பெயரில் நான்கைந்து ஃபைல்கள் இருக்கும். பின்னொட்டு மட்டும் மாறும்.

எஸ்எச்பி: இதில்தான் வடிவங்கள் உள்ளன.

எஸ்எச்எக்ஸ்: எந்த வடிவம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் இன்டெக்ஸ்.

டிபிஎஃப்: டேபிள். பழைய டிபேஸ் சாஃப்ட்வேரின் அதே வடிவம். அதனால்தான் இதில் காலம் தலைப்புகள் பத்து எழுத்துக்கு மேல் இருப்பதில்லை.

பிஆர்ஜே: இந்த எண்கள் எந்த அளவு முறையில் எழுதப்பட்டவை என்ற குறிப்பு.

முதல் மூன்றில் ஒன்று குறைந்தாலும் சிக்கல்தான். எஸ்எச்பி ஃபைலை மட்டும் பென் டிரைவில் காப்பி செய்து நண்பருக்குக் கொடுத்தால் அவரால் எதையும் சரியாகத் திறக்க முடியாது. ஒன்றின் பெயரை மட்டும் மாற்றினாலும் அப்படித்தான். காப்பி செய்யும்போது ஃபோல்டரையே காப்பி செய்யுங்கள். பிஆர்ஜே இல்லாவிட்டால் படம் திறக்கும், ஆனால் காடு தவறான இடத்தில் போய் உட்கார வாய்ப்புண்டு.

விண்டோஸில் பின்னொட்டுகள் தெரியவில்லையா? ஃபோல்டர் விண்டோவின் வியூ மெனுவில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை டிக் செய்யுங்கள்.

நீங்கள் டவுன்லோடு செய்தது ஜியோபேக்கேஜ் என்ற வடிவமாக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. அதில் எல்லாமே ஒரே ஃபைலுக்குள் அடங்கிவிடும். கீழே சொல்லும் வழிமுறை இரண்டுக்கும் பொருந்தும்.

வரைபடத்தைத் திறப்போம்

1. க்யூஜிஐஎஸ்ஸைத் திறந்து, ப்ராஜெக்ட் மெனுவில் நியூ கொடுங்கள்.

2. 2000-ஆம் ஆண்டின் எஸ்எச்பி அல்லது ஜியோபேக்கேஜ் ஃபைலை மவுஸால் இழுத்து வெள்ளைப் பரப்பில் விடுங்கள். உலகக் காடுகள் ஏதோ ஒரு வண்ணத்தில் தோன்றும். இடப்பக்க லேயர்ஸ் பட்டியலில் அதன் பெயர் வரும்.

3. விண்டோவின் கீழே வலது மூலையில் ஈபிஎஸ்ஜி:4326 என்று இருக்கிறதா என்று பாருங்கள். எண்கள் அட்சரேகை, தீர்க்கரேகைகளில் இருக்கின்றன என்பதற்கு அடையாளம் அது.

4. 2020-ஆம் ஆண்டின் ஃபைலையும் அதேபோல் இழுத்து விடுங்கள்.

5. ப்ரவுசர் பேனலில் எக்ஸ்ஒய்இசட் டைல்ஸ் என்பதை விரித்து, ஓபன்ஸ்ட்ரீட்மேப் மீது டபுள் க்ளிக் செய்யுங்கள். ஊர், ஆறு, சாலைகளோடு பின்னணிப் படம் வரும். அது மற்றவற்றை மறைத்தால் லேயர்ஸ் பட்டியலில் அதைக் கீழே இழுத்து விடுங்கள். பட்டியலில் மேலே இருப்பதுதான் படத்திலும் மேலே தெரியும்.

6. 2000 லேயர் மீது டபுள் க்ளிக் செய்து, சிம்பாலஜி பகுதியில் சிவப்பு வண்ணம் கொடுங்கள். 2020 லேயருக்குப் பச்சை. பட்டியலில் பச்சை மேலே, சிவப்பு அதற்குக் கீழே இருக்கட்டும்.

அவ்வளவுதான். இப்போது பச்சையாகத் தெரிவது 2020-லும் இருந்தது. சிவப்பாக எட்டிப் பார்ப்பது 2000-ல் இருந்து, பிறகு கணக்கிலிருந்து போனது.

எங்கே பார்ப்பது?

உலகம் பெரியது. ஒரு இடத்தை எடுத்துக்கொண்டு உற்றுப் பார்த்தால்தான் பிடிபடும். இந்த வரைபட முறை பிறந்த பகுதிக்கே போவோம். ரஷ்யாவின் வடமேற்கில் ஆர்க்கான்கெல்ஸ்க் மாகாணம். அங்கே வடக்கு டிவினா, பினேகா என்று இரண்டு ஆறுகள். அவற்றின் நடுவே ஸ்ப்ரூஸ் மரங்கள் நிறைந்த பெருங்காடு ஒன்று உண்டு. காட்டுக் கலைமான்கள் வாழும் இடம்.

க்யூஜிஐஎஸ் விண்டோவின் அடியில் உள்ள கோஆர்டினேட் பெட்டியில் 44.3, 63.3 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். பக்கத்தில் உள்ள ஸ்கேல் பெட்டியில் 1:2000000 கொடுங்கள். இரண்டு ஆறுகளும் நடுவே காடும் திரைக்கு வந்துவிடும்.

கவனிக்க: இங்கே முதலில் வருவது தீர்க்கரேகை. நாம் பேச்சில் அட்சரேகையை முதலில் சொல்லிப் பழகியவர்கள். நான் முதல்முறை 63.3, 44.3 என்று மாற்றிக் கொடுத்துவிட்டு, காடு எங்கே என்று நெடுநேரம் தேடினேன். நான் போய் நின்றது கஜகஸ்தான் பாலைவனத்தில்!

சரியான இடத்துக்கு வந்ததும் பச்சையின் ஓரங்களைப் பாருங்கள். சிவப்பு, வெளி ஓரத்திலிருந்து உள்நோக்கி அரித்துக்கொண்டு போயிருக்கும்.

எவ்வளவு என்று அளப்போம்

1. டூல்பாரில் உள்ள செலக்ட் ஃபீச்சர்ஸ் கருவியை எடுத்து, 2000 லேயரில் அந்தக் காட்டைக் க்ளிக் செய்யுங்கள். அது மஞ்சளாக மாறும்.

2. வெக்டர் மெனுவில் ஜியோப்ராசசிங் டூல்ஸ், அதில் டிஃபரன்ஸ். இன்புட் லேயராக 2000-ஐயும், ஓவர்லே லேயராக 2020-ஐயும் கொடுங்கள். இன்புட்டுக்குக் கீழே செலக்டட் ஃபீச்சர்ஸ் ஒன்லி என்பதை டிக் செய்து ரன் கொடுங்கள். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்த மிச்சம் புது லேயராக வரும். அதுதான் இழப்பு.

3. ஜியாமெட்ரி சரியில்லை என்று பிழைச் செய்தி வந்தால் பயப்பட வேண்டாம். ப்ராசசிங் டூல்பாக்ஸில் ஃபிக்ஸ் ஜியாமெட்ரீஸ் என்று தேடி, இரண்டு லேயர்களையும் அதில் ஒருமுறை ஓட்டிவிட்டு மீண்டும் முயலுங்கள்.

4. புது லேயரைத் தேர்ந்தெடுத்து எஃப்6 தட்டினால் டேபிள் திறக்கும். அதில் ஃபீல்டு கால்குலேட்டரைத் திறந்து, க்ரியேட் வர்ச்சுவல் ஃபீல்டு என்பதை டிக் செய்யுங்கள். வகையில் டெசிமல் நம்பர் தேர்ந்தெடுங்கள். எக்ஸ்ப்ரஷன் பெட்டியில் டாலர் குறியும், இடைவெளி விடாமல் ஏரியா என்ற ஆங்கிலச் சொல்லும் டைப் செய்து, 1000000-ஆல் வகுங்கள். விடை சதுர கிலோமீட்டரில் கிடைக்கும்.

ஏன் இந்த டாலர் குறி? அந்தக் கட்டளை பூமி உருண்டை என்பதைக் கணக்கில் கொண்டு அளக்கும். டாலர் இல்லாத ஏரியா கட்டளை தட்டைக் காகிதத்தில் அளப்பது போல அளக்கும். அது இங்கே பெரிய தவறில் கொண்டுபோய் விடும். சென்னையில் ஒரு டிகிரி தீர்க்கரேகை என்பது சுமார் 108 கிலோமீட்டர். துருவத்தை நோக்கிப் போகப் போக இது சுருங்கும். நாம் பார்க்கும் காட்டில் அது சுமார் 50 கிலோமீட்டர்தான்.

இணையத்தில் காணும் தெருப் படங்கள் பலவும் வெப் மெர்க்கேட்டர் என்ற முறையில் வரையப்பட்டவை. அதில் வடக்கே உள்ளவை ஊதிப் பெரிதாகத் தெரியும். 63 டிகிரியில் ஒரு காடு, நிலநடுக்கோட்டில் உள்ள அதே அளவு காட்டைவிட ஐந்து மடங்கு பெரிதாகத் தோன்றும். கண்ணால் பார்த்து "ரஷ்யாவில் எவ்வளவு காடு, காங்கோவில் இவ்வளவுதானா" என்று முடிவு கட்டாதீர்கள். அளந்து பாருங்கள்.

கூகுள் எர்த்தில் பறந்து பார்க்க

கோட்டைப் பார்த்தாயிற்று. கோட்டுக்குள் உண்மையில் என்ன இருக்கிறது? இதற்குக் கேஎம்எல் என்ற வடிவம் உதவும். இதன் முதல் எழுத்து கீஹோல் என்ற நிறுவனத்தைக் குறிக்கும். 2004-ல் கூகுள் வாங்கிய அந்த நிறுவனத்தின் சாஃப்ட்வேர்தான் 2005-ல் கூகுள் எர்த் ஆனது. கேஎம்எல் ஃபைலை நோட்பேடில் திறந்தால்கூட உள்ளே இருப்பதைப் படிக்கலாம். கேஎம்இசட் என்பது அதையே ஜிப் செய்தது.

க்யூஜிஐஎஸ்ஸில் இழப்பு லேயர் மீது ரைட் க்ளிக் செய்து, எக்ஸ்போர்ட், சேவ் ஃபீச்சர்ஸ் அஸ் என்று போங்கள். ஃபார்மட்டில் கீஹோல் மார்க்கப் லேங்குவேஜ் தேர்ந்தெடுத்து, ஒரு பெயர் கொடுத்து ஓகே செய்யுங்கள். அந்த ஃபைலை டபுள் க்ளிக் செய்தால் கூகுள் எர்த் ப்ரோ திறந்து, ஆர்க்கான்கெல்ஸ்க் நோக்கிப் பறந்து செல்லும்.

வடிவம் முழு வண்ணத்தில் தரையை மறைத்தால், ப்ராப்பர்டீஸில் ஸ்டைல் பகுதிக்குப் போய் அவுட்லைன் மட்டும் வையுங்கள். பிறகு டூல்பாரில் கடிகாரப் படம் உள்ள பட்டனைக் க்ளிக் செய்தால் பழைய ஆண்டுகளின் படங்களையும் நகர்த்திப் பார்க்கலாம். மரவெட்டு நடந்த பகுதிகளில் செவ்வகம் செவ்வகமாக வெட்டி, நடுநடுவே காட்டை விட்டு, மேலிருந்து பார்க்கச் சதுரங்கப் பலகை போலத் தெரியும். அவற்றை இணைத்து ஓடும் மெல்லிய கோடுகள்தான் லாரிப் பாதைகள்.

கோட்டை எப்படிப் படிப்பது?

இங்கே கொஞ்சம் நிதானமாக வாருங்கள். சிவப்பாகத் தெரியும் இடத்தில் எல்லா மரமும் வெட்டப்பட்டது என்று அர்த்தமில்லை. ஒரு சின்னக் கணக்குப் போடுவோம்.

30 கிலோமீட்டர் நீளம், 30 கிலோமீட்டர் அகலம் உள்ள காடு. பரப்பு 900 சதுர கிலோமீட்டர். நடுவே நேராக ஒரு சாலை போடுகிறார்கள். சாலையின் இரு பக்கமும் 1 கிலோமீட்டர் கழியும். ஆக 30 பெருக்கல் 2, அதாவது 60 சதுர கிலோமீட்டர் போயிற்று. மிச்சம் 840. ஆனால் அது இப்போது ஒரே காடு அல்ல, 420 வீதம் இரண்டு துண்டுகள். இரண்டுமே 500-க்குக் கீழே. எனவே இரண்டும் வரைபடத்திலிருந்து மறையும். சாலைக்காக வெட்டியது கொஞ்ச மரம்தான். கணக்கில் போனது 900 சதுர கிலோமீட்டரும்!

இதை இரண்டு விதமாகவும் தவறாகப் பயன்படுத்தலாம். "900 சதுர கிலோமீட்டர் காடு அழிந்தது" என்று ஒருவர் எழுதலாம், அது சரியல்ல. "வரைபடத்தில்தான் இல்லையே, இனி வெட்டினால் என்ன?" என்று இன்னொருவர் கேட்கலாம். அது அதைவிட மோசம். அந்த 840 சதுர கிலோமீட்டரில் மரங்கள் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கின்றன. ஆனால் முதல் சாலை விழுந்த பிறகு அடுத்த சாலை எளிது என்பதைத்தான் இந்தக் கணக்கு எச்சரிக்கிறது.

நம் பக்கத்து உதாரணம் ஒன்றும் சொல்லலாம். கேரளத்தின் சைலன்ட் வேலி தேசியப் பூங்காவின் பரப்பு 89.52 சதுர கிலோமீட்டர். அணைத் திட்டத்தை எதிர்த்துப் போராடி மீட்ட மழைக்காடு. 500 என்ற அளவை அது தனியாக எட்டவே முடியாது. அதனால் அதன் மதிப்பு குறைந்துவிடுமா? ஒரு காடு இந்த ஃபைலில் இல்லை என்றால் அந்த அளவுகோலுக்குள் வரவில்லை என்றுதான் பொருள். காடே இல்லை என்று பொருளல்ல.

இன்னும் இரண்டு விஷயங்கள். ஒன்று, ஃபைலின் ஆண்டைப் பாருங்கள். 2020 ஃபைல் 2020-ஐத்தான் சொல்லும். அதற்குப் பிறகு நடந்தது அதில் இருக்காது. இரண்டு, இந்த எல்லைகள் பாதுகாக்கப்பட்ட காட்டின் எல்லைகள் அல்ல. கோட்டுக்குள் இருந்தும் வெட்ட அனுமதி உள்ள காடுகள் ஏராளம்.

கோடு என்ன செய்தது?

அப்படியானால் இந்தக் கோட்டால் பயன் என்ன? டிவினா, பினேகா ஆறுகளுக்கு இடையிலான அதே காட்டுக்குத் திரும்புவோம். அங்கே வெட்டும் உரிமை பெற்ற நிறுவனங்களும் உண்டு, வெட்டக் கூடாது என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகளும் உண்டு. பல ஆண்டுகள் இழுபறி. அதற்குள் ஓரங்கள் கரைந்துகொண்டே இருந்தன. நீங்கள் இப்போது அளந்த சிவப்புதான் அந்தக் காலதாமதத்தின் விலை.

ஆனால் பேச்சு நின்றுவிடவில்லை. இரு தரப்பும் மேசையில் விரித்து வைத்துப் பேச ஒரு எல்லை இருந்தது. 2014-ல், பொறுப்பான முறையில் வெட்டிய மரத்துக்குச் சான்று தரும் எஃப்எஸ்சி என்ற பன்னாட்டு அமைப்பும் ஐஎஃப்எல் காடுகளைக் காக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. சான்று இல்லாத மரத்தை ஐரோப்பியச் சந்தையில் விற்பது கடினம் என்பதால், நிறுவனங்களுக்கும் அந்தக் கோடு முக்கியமாகிவிட்டது. 2018-ல் எல்லை பற்றி உடன்பாடு ஏற்பட்டது. 2019-ல் ஆர்க்கான்கெல்ஸ்க் மாகாண அரசு அங்கே சுமார் 3,000 சதுர கிலோமீட்டர் பரப்பைக் காப்பகமாக அறிவித்தது. தொழில்முறை மரவெட்டு அங்கே தடை செய்யப்பட்டது. பக்கத்து ஊர் மக்கள் காளான், பழம் சேகரிக்க வழக்கம்போல் போகலாம்.

கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. முழுக் காடும் காப்பகத்துக்குள் வரவில்லை. ஆனால் கோடு போட்டுக் காட்டியிருக்காவிட்டால், எதைக் காப்பது என்று பேச்சையே தொடங்கியிருக்க முடியாது.

அந்தக் கோடு இப்போது உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறது. ப்ராஜெக்ட் மெனுவில் சேவ் கொடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து கனடாவையோ அமேசானையோ காங்கோவையோ இதே முறையில் திறந்து பாருங்கள். சிவப்பு எங்கெல்லாம் தெரிகிறதோ, அங்கே பெரிதாக்கிப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: முதல் சாலை எந்தப் பக்கத்திலிருந்து வந்தது? விடை பெரும்பாலும் திரையிலேயே இருக்கும்.